இருமல் வந்தால் பொன்னேரி

பஸ் நின்றிருந்தது. இன்ஜின் சத்தம் இல்லை, பாட்டு இல்லை. என் மடியில் இரண்டு வெள்ளை இறக்கைகள். தலைக்கு மேலே ஒரு குரல்.

"இன்னாப்பா இது? எங்க சீட்ல குந்திக்கினு தூங்கினு கீறீங்க?"

கண்ணைத் திறந்தால் பேக்கிங் செக்‌ஷன் கோமளாக்கா. ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் குடை. மார்கழியில் எதற்குக் குடை என்று கேட்காதீர்கள். பனிக்காம். அவருக்குப் பின்னால் படிக்கட்டு வரைக்கும் ஜெனரல் ஷிப்டு ஆட்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். நான் நைட் ஷிப்டு முடித்துப் பொன்னேரியில் இறங்க வேண்டியவன். கோமளாக்கா அதே பஸ்ஸில் காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர். என்னைப் பொன்னேரியில் இறக்கிவிட்டு, பஸ் அரை மணி நேரம் ஓடிக் கடைசி ஸ்டாப்பான மீஞ்சூரில் போய் நின்ற பிறகுதான் அவர் ஏறுவார். ஆக, அவர் முகத்தை நான் பஸ்ஸுக்குள் பார்க்கிறேன் என்றால் என் பாடு கந்தல் என்று அர்த்தம்.

பொன்னேரியில் என் மகள் ஜெனி இந்த இறக்கைகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அப்போது இரண்டாம் வகுப்பு. எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகம், அவள்தான் தேவதூதன். என் கைக்கடிகாரத்தில் எட்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

இருங்கள், பஸ்ஸை இப்படியே ஓரங்கட்டி வைக்கிறேன். எப்படி வந்து மாட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

குல்லாப் பருவம்

போன வாரம் இதே பகுதியில் மங்கி குல்லாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி எஸ்தர், "ஊரு மானத்த வாங்கணும்னே எழுதினு கீறியா?" என்று கேட்டாள். உள்ளதைத்தானே எழுதினேன்! எங்கள் பக்கத்துக் குளிர் பெரிய குளிர் இல்லைதான். வடக்கே இருந்து வேலைக்கு வந்திருக்கும் பையன்கள் டிசம்பரில் பனியனோடு பல் தேய்க்கிறார்கள். நாங்கள் குல்லா, மப்ளர், காதில் பஞ்சு என்று முழு யுத்த சன்னத்தமாகப் பால் வாங்கப் போகிறோம்.

ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்டு பார்த்தவனைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் கம்பெனியில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் அடிப்போம். மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு, காலை ஆறரை மணிக்கு கேட்டைத் தாண்டினால் பனி மூஞ்சியில் அறையும். அந்த நொடியில் வரிசையாக எல்லாரும் தும்முவோம்.

தும்மினால் இன்னொரு ரகசியமும் வெளிவரும். பிளாஸ்டிக்கில் கலக்கிற கலர்ப் பொடி மூக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும். கைக்குட்டையைப் பார்த்தாலே அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்று சொல்லிவிடலாம். எஸ்தர் துவைக்கும்போதே, "இன்னிக்கு பச்ச வாளியா?" என்பாள். அசிங்கம்தான், ஆனால் கணக்கு தப்பாது.

நைனாவின் கேசட்

எங்கள் பஸ் டிரைவருக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் ஊர். எல்லாரையும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். அதனால் நாங்களும் அவரை நைனா என்றே கூப்பிட்டோம். அவர் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

நைனாவின் பஸ்ஸில் ஒரு வழக்கம். யாராவது "ஹோல்டான்!" என்று கத்திப் பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் பஸ் நிற்கும். தட்டாவிட்டால் போய்க்கொண்டே இருக்கும். ஸ்டாப் பெயரைச் சொல்லி எழுப்புகிற வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. பனியில் அவருக்குக் கண் ரோட்டில், காது குல்லாவுக்குள்.

பஸ்ஸில் ஒரே ஒரு கேசட் இருந்தது. ஒரு பொங்கல் லீவில் டி.வி.யில் வந்த சிறப்புப் பாட்டு நிகழ்ச்சியை, டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து நைனாவே பதிவு செய்தது. அந்தக் காலத்துப் பண்டிகை நாள் உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் பட்டிமன்றம், பத்து மணிக்கு நட்சத்திரப் பேட்டி, சாயங்காலம் 'முதன்முறையாக' என்று ஒரு வாரமாக மிரட்டிய புதுப்படம். பேட்டியில் நடிகை கரும்பு கடிப்பதைப் பார்த்தபடி நாமும் கரும்பு கடிப்போம். மின்சாரம் போனால் குடும்பமே தெருவுக்கு வந்து, பக்கத்துத் தெருவில் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும்.

பொங்கல் வாழ்த்து அட்டையும் அப்படித்தான். கடையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மாடு, பானை, சூரியன் போட்ட அட்டைகள் பெரியவர்களுக்கு. கூலிங் கிளாஸ் போட்ட நடிகர்கள் நண்பர்களுக்கு. என் தங்கைக்குப் பிடிக்காத நடிகரின் அட்டையைத் தேடிப்பிடித்து வருஷா வருஷம் அனுப்புவேன். அவள் அதைக் கிழித்துத் திரும்ப எனக்கே தபாலில் அனுப்புவாள். பாசம் என்றால் அதுதான் பாசம்.

எங்கேயோ போய்விட்டேன். கேசட்டுக்கு வருகிறேன். டி.வி. முன்னால் வைத்துப் பதிவு செய்ததால் பாட்டோடு நைனாவின் வீடும் சேர்ந்து பதிவாகியிருந்தது. மூன்றாவது பாட்டில் குக்கர் விசில் மூன்று. அடுத்து ஒரு சோகப் பாட்டில், பாடகி உருகிக்கொண்டிருக்கும்போது நைனாவின் சம்சாரம், "காப்பி ஆறிப்போவுது, வர்றியா இல்லியா?" என்பார். மழைப் பாட்டின் நடுவில் நைனாவின் மச்சான் இருமுவார். சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் ஒரு சுற்று சுற்றி, கடைசியில் ஒரு செருமலோடு முடியும்.

இதையே தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துவிட்டது. "இந்த டேப்பே பேஜாரா கீது நைனா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "பாட்டு நல்லா ஓடுது இல்ல, உடு நைனா" என்பார்.

ஆட்டுக்குட்டி

இப்போது என் மானம் போன கதை. இதற்கு முந்தைய வருஷ நாடகத்தில் ஜெனி ஆட்டுக்குட்டியாக நடித்தாள். வசனம் கிடையாது, இரண்டு தடவை 'மே' என்றால் போதும். கட்டாயம் வருகிறேன் என்று சத்தியம் செய்திருந்தேன். நைட் ஷிப்டு முடித்து வந்து, "அஞ்சே நிமிஷம்" என்று எஸ்தரிடம் சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தேன். என்னை இரண்டு தடவை உலுக்கிப் பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று அவள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் கண் விழித்தபோது மத்தியானம் இரண்டு மணி. பாய் ஓரத்தில் ஒரு ஆட்டுக்குட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முகமெல்லாம் பஞ்சு, ஒரு காது கழன்று தொங்கியது.

"நீ வரல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன்.

மறு வருஷம் தேவதூதன் வேஷம் கிடைத்ததும் வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் மட்டும் சொன்னாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "நான் வரேன்டா கண்ணு" என்றேன். "நீ தூங்கிடுவ" என்றாள். கோபமே இல்லாமல், சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோலச் சொன்னாள்.

"இறக்க நான் செஞ்சு எடுத்தாறேன். நான் வராம இறக்க எப்பிடி வரும்?" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். சரி என்பதுபோலத் தலையாட்டினாள்.

புது டேப்பு

மூன்று ராத்திரி டீ இடைவேளைகளில் இறக்கை செய்தேன். கட்டுக்கம்பியில் சட்டம், அதன்மேல் கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளை பிளாஸ்டிக் ஷீட். என் கூட்டாளி தேசப்பன் ஷீட்டின் ஓரத்தைக் கத்தரித்துத் தூவல் மாதிரி விட்டுக் கொடுத்தான். சூப்பர்வைசரே வந்து பார்த்துவிட்டு, "நம்ம குடத்துக்குக்கூட இவ்ளோ பினிஷிங் வராது" என்றார்.

அதோடு நின்றிருக்கலாம். கிறிஸ்துமஸ் உற்சாகத்தில் நைனாவுக்கு ஒரு பரிசு கொடுக்கலாம் என்று தோன்றியது. பொன்னேரியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்து, புது கேசட்டில் பதிவு செய்து வாங்கினேன். எல்லாம் அந்த வருஷத்து மெலடி. குக்கர் இல்லை, காப்பி இல்லை, மச்சான் இல்லை. பளிங்கு மாதிரி சத்தம்.

நாடகத்தன்று காலை பஸ் ஏறும்போது அதை நைனா கையில் கொடுத்தேன். "இன்னாத்துக்கு நைனா இதெல்லாம்" என்று கூச்சப்பட்டுக்கொண்டே போட்டார். இறக்கையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது பாட்டைப் பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் பாதிப் பேர் குறட்டை. இரண்டாவது பாட்டில் ஒரு புல்லாங்குழல் வந்தது. அதற்கப்புறம் எனக்கும் ஒன்றும் தெரியாது.

அடுத்து நான் பார்த்தது கோமளாக்காவின் குடையைத்தான்.

இருமல் எங்கே?

எனக்குப் பக்கத்தில் தேசப்பன் துள்ளி எழுந்தான். அவனும் பொன்னேரிதான். ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "டேய், மீஞ்சூருடா! இருமலே வரலியேடா!" என்று கத்தினான்.

"இன்னா இருமல்?"

"மழப் பாட்டுல வருமே, அந்த இருமல்! அத்த கேட்டாத்தான் நான் ஏந்துப்பேன்!"

முன் சீட்டிலிருந்து ஒரு குரல்: "எனக்கு குக்கர் விசிலு. கவரப்பேட்டயில எறங்கறவன்பா நானு!"

"எனக்கு காப்பி" என்றார் தச்சூர் கூட்டுரோட்டில் இறங்குகிற பெரியவர், பரிதாபமாக.

பஸ் முழுக்க இதே கதைதான். வருஷக்கணக்காக ஒவ்வொருவரும் அந்தக் கேசட்டில் ஒரு சத்தத்தைத் தன் ஸ்டாப்புக்கு வைத்திருந்தோம். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அந்த இருமல்தான். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மச்சான் இருமாததால் பதினேழு பேர் வீட்டைத் தாண்டி வந்து, அடுத்த ஷிப்டுக்காரர்களின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

நைனா டீ குடித்துவிட்டு வந்து ஏறினார். உள்ளே திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "யாருமே தட்டல, நைனா. எல்லாம் மீஞ்சூர்லயே எறங்கிட்டீங்கன்னு நெனச்சிக்கினேன்."

"டேப்ப மாத்தினது எவன்?" என்று தேசப்பன் கர்ஜித்தான்.

நான் இறக்கைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். நைனா கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். "பழைய டேப்பு சிக்கிக்கிச்சு. நான்தான் மாத்தினேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நல்லவேளை, கம்பெனிக்குத் திரும்பும் வழியில்தான் பொன்னேரி. ஆனால் ஒரு பஸ்ஸில் இரண்டு ஷிப்டு ஆட்கள். மூச்சு விட இடமில்லை. இறக்கையின் ஒரு பக்கம் மளுக்கென்று மடங்கியது.

"புள்ளைக்கு நாடகம்க்கா. இந்த வருசமும் நான் போவலன்னா அவ என்னை நம்பவே மாட்டா" என்றேன்.

கோமளாக்கா உடனே குரலை உயர்த்தினார். "யாருப்பா அது, கொஞ்சம் கைய மேல தூக்குங்க! எறக்க முன்னால போவட்டும்!"

டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் மட்டும்தான் இடம் இருந்தது. இறக்கைகள் கடைசி சீட்டிலிருந்து கை மாறிக் கை மாறி, எல்லார் தலைக்கும் மேலே மிதந்துகொண்டு முன்னால் போயின. முட்டி மோதி அங்கே போய் உட்கார்ந்த கோமளாக்கா, மடங்கிய கம்பியை நிமிர்த்தி இறக்கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

மீஞ்சூர் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்ஸ் போனது. அது முடிகிறதே என்று பார்த்தால் எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று. நிலக்கரிப் பெட்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் தாங்க முடியாமல் விட்டுவிட்டேன்.

நீலக் கை

பள்ளிக்கூடத் தெருமுனையில் நைனா பிரேக் போட்டபோது எட்டரை தாண்டிவிட்டது. "சந்துக்குள்ள வண்டி போவாது. ஓடு நைனா!"

இறக்கைகளை வாங்கிக்கொண்டு ஓடினேன். நம் நாட்டில் சிறப்பு விருந்தினர்கள் எந்த விழாவுக்கும் நேரத்துக்கு வருவதில்லை என்று குறை சொல்வார்கள். நான் இனிமேல் சொல்ல மாட்டேன். அன்றைய விருந்தினர் இன்னும் வராததால் நாடகம் தொடங்கியிருக்கவில்லை.

மேடை ஓரத்தில் வெள்ளை கவுனும் ஜிகினாக் கிரீடமுமாக ஜெனி நின்றாள். இறக்கை இல்லாமல் வெறும் முதுகோடு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

"ஐயோ, என்ன சார் இது, இறக்கை பூரா நீலமா இருக்கு?" என்றார் டீச்சர்.

அப்போதுதான் பார்த்தேன். அன்றைக்கு ஓடியது நீல வாளி. பஸ்ஸில் தூக்கிக் கொடுத்த எங்கள் ஷிப்டு ஆள் ஒவ்வொருவரின் விரலும் வெள்ளை ஷீட்டில் பதிந்திருந்தது. டீச்சர் கைக்குட்டையால் துடைத்தார். அது இன்னும் பரவியது.

ஜெனி அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். "தூங்கிட்டியாப்பா?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை. "ஆமாண்டா."

"அப்புறம் யாரு எழுப்புனா?"

"கோமளா அத்தை. நம்ம பஸ்ல வருவாங்க."

"தேங்க்ஸ் சொன்னியா?"

சொல்லவில்லை. சாயங்காலம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் முதுகைத் திருப்பி இறக்கை கட்டக் கொடுத்தாள். அவள் மேடையேறி ஒரே மூச்சில் வசனத்தைச் சொல்லி முடித்தபோது நான் கடைசி வரிசையில் நின்று அழுதேன். மூக்கைச் சிந்தினேன். கைக்குட்டை நல்ல நீலம்.

மறுநாள் பஸ்ஸில் பழைய கேசட் ஓடியது. குக்கர் விசில் அடித்ததும் பஸ்ஸே கைதட்டியது. புது டேப்பைப் பற்றி நைனாவிடம் ரகசியமாகக் கேட்டேன். "ஊட்ல வெச்சிகினு கீறேன் நைனா. போட்டா சூப்பரா தூக்கம் வருது" என்றார்.

இந்த மார்கழி

நைனா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். நானும் இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். இந்தக் கதையை என்னிடம் நூறு தடவை கேட்டு வளர்ந்த ஜெனி, அதே சிப்காட்டில் வேறொரு கம்பெனியில் நைட் ஷிப்டு பார்க்கிறாள். ஏசி பஸ். ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு காதில். ஸ்டாப் தாண்டிப் போனால் கேட்க நாதியில்லை.

போன வாரம் அவள் மகன் ஜோயலுக்குப் பள்ளிக்கூடத்தில் நாடகம். என்ன வேஷம் என்று கேட்கிறீர்களா? ஆட்டுக்குட்டியேதான்.

ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஜெனி சொன்னாள்: "அப்பா, நான் அலாரத்த தூக்கத்துலயே ஆஃப் பண்ணிடுவேன். நீதான் போன் பண்ணி எழுப்பணும். மறந்துடாத, அவன் மொகத்த என்னால பாக்க முடியாது."

காலை ஆறு மணிக்கே குல்லாவோடு உட்கார்ந்துவிட்டேன். அவள் பஸ் வருவது என் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். அதையும் அவள்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். புள்ளி கவரைப்பேட்டையைத் தாண்டியது. தச்சூர் கூட்டுரோட்டில் கொஞ்சம் நின்று, பொன்னேரிப் பக்கம் திரும்பியது. "காப்பி ஆறிப்போவுது" என்று எஸ்தர் உள்ளேயிருந்து சொன்னாள். நான் அசையவில்லை.

புள்ளி பொன்னேரியை நெருங்கியதும் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கட் ஆகப்போகிற நேரத்தில் எடுத்தாள். ஹலோ இல்லை, வெறும் மூச்சு. தூக்கத்திலேயே எடுத்திருக்கிறாள். இன்னும் ஒரு நிமிடத்தில் அதே தூக்கத்தில் வைத்தும் விடுவாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். பிறகு போனை நன்றாக வாயருகே வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கிளப்பி, தொண்டையில் ஒரு சுற்று சுற்றி, கடைசியில் ஒரு செருமலோடு இருமினேன்.

அப்புறம் அவள் சிரிப்பதும், அதற்கு மேலாக டிரைவரைப் பார்த்து அவள் கத்துவதும் கேட்டது.

"அண்ணா, ஹோல்டான்!"